நிறுத்தச் சொல்ல வேண்டியவர்

அண்ணனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது நான் கையுறை போட்டுக்கொள்வேன். சாப்பிடுகிறவரைத் தவிர வேறு யாரும் அதை வெறுங்கையால் தொட வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குடலில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்ட புற்றுநோய்க்கான மாத்திரை அது. பார்க்க ஒன்றும் பயமாக இருக்காது. காய்ச்சல் மாத்திரையைவிடச் சின்னதுதான். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. வயிற்றில் சோறு விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

"தொட்டாலே ஆகாதுங்கற. அதையே என்னைய முழுங்கச் சொல்ற," என்பார் அண்ணன்.

"உங்களுக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது. வாயத் தொறங்க."

"கோழிப்பண்ணையில மருந்து ஊத்தறவன்கூட இத்தன வேசம் கட்டமாட்டான் அம்மிணி."

எனக்கு முன்கோபம் உண்டு. வாய் நீளம் என்று ஊரிலும் பெயர், அலுவலகத்திலும் பெயர். அண்ணனுக்கு அதைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பது சின்ன வயதிலிருந்தே பிடித்த விளையாட்டு. அவருக்கும் எனக்கும் நடுவில் பத்து வயது. ஆனாலும் நான் கத்துவேன், அவர் சிரிப்பார். கத்திக்கொண்டே இருந்தவரைக்கும் வீடு சரியாகத்தான் இருந்தது. அவர் என்னைச் சீண்டாமல் மாத்திரையை வாங்கி விழுங்கிய நாட்களில்தான் எனக்குப் பயம் வரும்.

எங்கள் வீடு சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்பில். நான் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டு. வாரத்தில் பாதி நாள் ஈரோட்டிலோ ஜோலார்பேட்டையிலோ இருப்பார். அண்ணனுடைய ஊர் வெண்ணந்தூருக்குப் பக்கம். ரத்தம் எடுக்கவும் டாக்டரைப் பார்க்கவும் அங்கிருந்து அலைய முடியாது என்று நான்தான் அதட்டிக் கூட்டிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்துக்கொண்டேன். அண்ணி பயிர் வைத்த காட்டையும் மாடுகளையும் விட்டு வர முடியாமல் ஊரிலேயே இருந்தார். சனிக்கிழமை காலையில் மாட்டைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூக்குப்போசியில் தயிரும் பையில் முருங்கைக்கீரையுமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அண்ணன் ரிக் வண்டியில் இருந்தவர். போர்வெல் போடுகிற வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி ஆந்திரா, கர்நாடகா, சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு, மழைக்காலத்தில் வீடு திரும்புகிற பிழைப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் ரிக் ஆள் இருப்பான். அண்ணன் சமையல் உதவியாளாகப் போய்ச் சேர்ந்து, டிரில்லராகி, கடைசியில் வண்டியையே நடத்துகிற ஆளானார். காது பாதி கேட்காது. கம்ப்ரஸர் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு எல்லாம் அப்படித்தான். அதனால் அவரிடம் எதையும் ரகசியமாகச் சொல்ல முடியாது. அவருடைய நோயைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

நோயும் ரிக்கிலேயேதான் வந்தது. மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். எந்நேரமும் சூட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மூலம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்பார். போகிற ஊரிலெல்லாம் துத்திக்கீரையைத் தேடிப் பிடித்து வதக்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஊருக்கு வந்து மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனை. அறுவைச் சிகிச்சை, ஊசி, உள்ளங்கையைக் கறுக்க வைத்து உரித்த ஒரு மாத்திரை, திரும்ப ஊசி என்று எல்லாம் ஆகி, எதற்கும் நோய் கட்டுப்படாமல் கடைசியாக இந்தச் சின்ன மாத்திரைக்கு வந்து சேர்ந்தோம்.

கடைசியாக என்று நான் இப்போது எழுதுகிறேன். அப்போது எங்களில் யாரும் அப்படி நினைக்கவில்லை. ஊசி போய் மாத்திரை வந்ததை எங்கள் சொந்தபந்தம், ஒறம்பரை முழுக்க நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டது. "ஊசியில்லாம மாத்தரைக்கு வந்துட்டாங்கன்னா கொணமாகுதுன்னு அர்த்தம்," என்று போனில் எத்தனை பேர் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், கையில் குழாய் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து தண்ணீரோடு விழுங்கினால் போதும் என்றால் அது சின்ன வியாதிக்கான மருந்தாகத்தானே இருக்க வேண்டும்? படித்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் நிஜம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாக விளக்கினார். இது நோயைத் துடைத்தெடுக்கிற மருந்து இல்லை, கொஞ்ச காலத்துக்கு வளரவிடாமல் பிடித்து வைக்கிற மருந்து. சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது என்றார். வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விட வேண்டும், அப்படி இரண்டு வாரம், அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஓய்வு, இது ஒரு சுத்து என்றார்.

"சனி ஞாயிறு லீவாட்டங்களா? அம்மிணி ஆபீசு மாத்தர போல," என்றார் அண்ணன். அப்புறம் தலையைச் சாய்த்து, நல்ல காதை டாக்டர் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, இது எத்தன அடி போகுமுங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணனுக்கு எல்லாமே அடிக்கணக்குதான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்," என்றார் அவர். அந்தப் பதில் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நல்ல டாக்டர், நல்ல டாக்டர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மாத்திரைக்கு முன்னால் சோறு என்பதுதான் எங்கள் போராட்டமாக இருந்தது. அவருக்கு ருசி போய்விட்டிருந்தது. தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டும். ஆனால் வெறும் வயிற்றில் கொடுக்க முடியாது. ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு முற்பகலைக் கழிப்பார். நான் அலுவலகத்துக்குத் தாமதமாகிறது என்று பின்னாலேயே நிற்பேன். ஒருநாள் பார்த்தால் இட்லி முழுக்கத் தட்டிலிருந்து காணாமல் போயிருந்தது. மகிழ்ந்துபோய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் கூடி நின்று கத்துவதைப் பார்த்த பிறகுதான் இட்லி எங்கே போனது என்று தெரிந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"காக்காயும் நம்ம முன்னோருதான அம்மிணி. திங்கட்டும்," என்றார்.

"முன்னோருக்குக் கான்சர் இல்லைங்கண்ணா. உங்களுக்குத்தான் இருக்குது."

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் அப்படி வெடுக்கென்று சொன்னதில்லை. சீக்கு என்போம், வயிறு என்போம். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பொழுது போகாத விடுமுறை மத்தியானங்களில் ரிக் கதைகள் சொல்வார். அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. துளை இறங்க இறங்க மேலே வருகிற புழுதியின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன பாறை, ஈரம் தட்டுகிறதா, தண்ணீரில்லாத வெறும் புழுதிப் புகையா என்பது வண்டிக்காரர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறந்து, இங்கே தண்ணீர் இல்லை, நிறுத்திவிடலாம் என்று சொல்ல மாட்டார்கள்.

"தெரிஞ்சும் சொல்லமாட்டீங்களா? அது ஏமாத்து இல்லையா?" என்று கேட்டேன்.

"அது எப்பிடி அம்மிணி சொல்றது? பூமிக்குள்ள இருக்கறத யாரு கண்டா? நாம நிறுத்துன எடத்துக்குக் கீழ பத்தடியில ஊத்து இருந்துச்சுன்னா? 'இன்னொரு நூறு போட்டுப் பாக்கலாங்களா'ன்னு கேப்போம். போடுன்னா போடுவோம். நிறுத்துன்னு தோட்டத்துக்காரருதான் சொல்லோணும். அது நம்ம வாயில வரக்கூடாது."

"தோட்டத்துக்காரருக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா காடு அவருது."

முதல் சுத்து முடிந்து இரண்டாவது தொடங்குகிற நேரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோய்விட்டன என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். பிறகு கொடுத்தார்கள். அந்தச் சுத்தில்தான் காய்ச்சல் வந்தது. இந்த மருந்தில் இருக்கும்போது காய்ச்சல் என்றால் உடனே வந்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தூக்கிக்கொண்டு ஓடினோம். தனி அறையில் வைத்து ஊசிமருந்து ஏற்றிக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவருடைய சட்டை அவரைவிடப் பெரிதாக இருந்தது. குளியலறைக்குப் போக முன்னறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரிக்கின் மேல் குரங்கு மாதிரி ஏறி இறங்கிய மனிதர்.

அடுத்த சுத்து கொடுக்கலாமா என்று கேட்ட நாளை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். டாக்டர் அண்ணனிடம், "உங்களுக்கு எப்படித் தோணுது? அளவைக் குறைத்து இன்னொரு சுத்து பார்க்கலாமா?" என்றார்.

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்களக் கேளுங்க."

நான், "நீங்க பார்த்து எது நல்லதோ அதைச் செய்யுங்க டாக்டர்," என்றேன்.

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடியே பண்ணுங்க," என்றார். டாக்டர் மறுபடியும் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டினார். மூன்றாவது சுத்து அப்படித்தான் தொடங்கியது. யார் சரி என்று சொன்னது என்று யோசித்துப் பார்த்தால், யாருமே சொல்லவில்லை. ஒருவர் மனது நோகக்கூடாது என்று ஒருவர் விட்டுக்கொடுத்து, எல்லோரும் மரியாதையாக அவரை மருந்துக்கு அனுப்பி வைத்தோம். பந்தியில் ஒருவரை ஒருவர் முதலில் உட்காரச் சொல்லிக்கொண்டே நிற்போமே, அது மாதிரி.

அந்தச் சுத்து அவரை அடித்துப் போட்டுவிட்டது. வயிற்றோட்டம் நிற்கவில்லை. வாயில் புண். பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மாத்திரை நேரம் வந்தால் நான் கையுறை போடுவதைப் பார்த்து வாயை மட்டும் திறப்பார். ஒரு கேலியும் கிடையாது. எனக்கு அது தாங்கவில்லை. என்னைத் திட்டவாவது திட்டுங்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "திட்டறதுக்குச் சத்து வேணுமில்ல கண்ணு," என்றார்.

அண்ணி வருகிற சனிக்கிழமைகளில் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். வருஷத்தில் முக்கால்வாசி வண்டியோடு போய்விடுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவர். பேசாமல் இருந்து பழகியவர். மாடு பால் குறைத்துவிட்டது, மரவள்ளி குச்சி நட்டாயிற்று, இவ்வளவுதான் பேச்சு. ஒரு சனிக்கிழமை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "ரொம்பச் சிரமப்படறாருங்க அம்மிணி," என்றார். நான், "இந்தச் சுத்து முடிஞ்சா ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம் அண்ணி, கொஞ்சம் பொறுங்க," என்றேன். எனக்கு அவரை அதற்குமேல் பேசவிட இஷ்டமில்லை. அவர் எதைச் சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஈரலில் இருந்தவை பெரிதாகியிருந்தன, புதிதாகவும் வந்திருந்தன. மருந்து நாம் எதிர்பார்த்த மாதிரி பிடிக்கவில்லை என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, அண்ணனுடைய முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு விருப்பம் இருந்தா இன்னொரு மருந்து இருக்கு, முயற்சி பண்ணலாம். பெரிய பலன் இருக்கும்னு சொல்ல முடியாது. இல்லைன்னா..." என்று முடிக்காமல் விட்டார். பாவம், சின்னப் பெண். அவருக்கும் வாயில் வரவில்லை.

நான் அந்த இன்னொரு மருந்தைப் பற்றிக் கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பொதுவாக மருத்துவமனையில் தலையைக் குனிந்தபடியே இருக்கிறவர். "டாக்டரம்மா," என்று தொடங்கினார்.

அண்ணன் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடிக்கிற அளவுக்கு அந்தக் கையில் பலம் இருந்தது எனக்கு ஆச்சரியம்.

"நிறுத்திக்கலாமுங்க," என்றார். "நான் சொல்றனுங்க. இவங்க யாரும் சொல்லல. நாந்தான் போதும்னு சொன்னேன்னு எழுதிக்குங்க."

அண்ணி திறந்த வாயை மூடிக்கொண்டார். டாக்டர் மெதுவாகத் தலையசைத்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கான மருந்துகள் இருக்கின்றன, வீட்டிலேயே இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று சொல்லத் தொடங்கினார். அவர் குரலில் பாரம் இறங்கியது எனக்கே கேட்டது. எனக்கு மட்டும் இறங்கவில்லை.

வலி மருந்து வாங்க அண்ணி மருந்துக்கடை வரிசையில் நின்றார். நானும் அண்ணனும் வாசல் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஆரம்பித்துவிட்டேன். எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா, இன்னொரு மருந்து இருக்கிறது என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல நீங்களாக எப்படி முடிவு பண்ணுவீர்கள், இத்தனை நாள் நான் பட்ட பாடு என்ன என்று. போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே திட்டினேன். அவர் நான் முடிக்கிறவரைக்கும் நல்ல காதை என் பக்கம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆச்சா?" என்றார்.

"ஆகல."

"சரி, நான் சொல்றதச் சித்த கேளு. கர்நாடகாவுல சித்ரதுர்கா பக்கம் ஒருக்கா போர் போட்டம். ஆயிரத்துக்கு மேல போயும் புகைதான். அந்தத் தோட்டத்துக்காரன் போடு போடுங்கறான். மொகத்துல ரத்தமில்ல. அவன் பொஞ்சாதி பாத்துட்டே இருந்துச்சு. கடைசியா வந்து 'போதும், நிறுத்துங்க'ன்னு அந்தம்மாதான் சொல்லுச்சு. புருசனக் காப்பாத்தறதுக்குத்தான் சொல்லுச்சு. நாங்க ராடைக் கழட்டிட்டு வந்துட்டம். பொறவு பக்கத்துக் காட்டுல வேற வண்டிக்காரன் போட்டிருக்கறான். நாங்க நிறுத்துன ஆழத்துக்குக் கொஞ்சம் கீழ தண்ணி பீச்சி அடிச்சிருச்சு."

மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஒரு வாய் நனைத்துக்கொண்டார்.

"கொஞ்ச வருசம் கழிச்சு அதே ஊருக்கு வண்டி போச்சு. அந்தம்மாளப் பாத்தேன். ஊட்டுல ஒருத்தரும் அதுகூட மொகங்குடுத்துப் பேசறதில்ல. மாமியா, கொழுந்தன், பெத்த பையன்கூட. நல்லது கெட்டது எது நடந்தாலும், 'நீதான நிறுத்தச் சொன்ன'ங்கறாங்க. அதுக்குத்தான் அம்மிணி. இன்னைக்கு உங்கண்ணி வாயத் தொறந்தா. என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். அவ சொல்லிருந்தான்னா நாளைக்கு நம்ம ஒறம்பரை அவள உசுரோட உடமாட்டாங்க. பிள்ளைகுட்டி இருந்தாலாச்சும் பக்கத்துல நிக்கும். யாரு இருக்கறா அவளுக்கு?"

நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இத்தன நாளு நான் வண்டிக்காரன்னே நெனச்சுட்டு இருந்தேன். நீங்கெல்லாம் போடுன்னீங்க, நானும் முழுங்கிட்டு இருந்தேன். நிறுத்துன்னு நீங்க யாராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன். தோட்டத்துக்காரனே நாந்தான், காடே என்றதுன்னு இன்னைக்குத்தான் ஒறைச்சுது." சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். "யாராச்சும் கேட்டா அவரேதான் நிறுத்தச் சொன்னாருன்னு நீ சொல்லோணும். உனக்குத்தான் வாய் நீளமாச்சே. அதுக்காச்சும் ஆகட்டும்."

அடுத்த நாளே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தேன். அவ்வப்போது வந்து ரயில்வேக்கு முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். மாத்திரை நின்று கொஞ்ச நாளில் வாய்ப்புண் ஆறியது. வயிற்றோட்டம் நின்றது. ஒருநாள் அண்ணி அரிசியும் பருப்பும் போட்டுக் குழைய ஆக்கி, நெய் விட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கவளம் வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். எனக்குக் குமட்டுகிறதோ என்று பயம். "உப்பு எச்சா இருக்குது," என்றார். அண்ணி அழுதுவிட்டார். உப்பு தெரிகிறது என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவரும் கூடவே சிரித்துக்கொண்டு, பாதித் தட்டைச் சாப்பிட்டார்.

அந்த மாதிரி நாட்கள் கொஞ்சம் இருந்தன. பிறகு கண்ணெல்லாம் மஞ்சளாகி, தூக்கம் அதிகமாகி, வலி மருந்தை மட்டும் வாயோரத்தில் விட்டுக்கொண்டிருந்தோம். அதற்குக் கையுறை தேவையில்லை. ஒரு மத்தியானம், நானும் அண்ணியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும்போதே போய்விட்டார். எப்போது மூச்சு நின்றது என்று இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். இதை எழுதும்போதும் அழுகைதான் வருகிறது. எத்தனை வருஷம் கழித்து எழுதினாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேதத்துக்கு வந்தவர்களில் எங்கள் அத்தை ஒருத்தி உண்டு. அப்பாவின் தங்கை. அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் ஆரம்பித்தாள். "மாத்தர தின்னுட்டு நல்லாத்தான இருந்தான். இன்னொரு சுத்து குடுத்துப் பாத்திருக்கலாம். என்னத்துக்கு நிறுத்துனாங்களோ. யாரு சொல்லி நிறுத்துனாங்களோ." சொல்லிக்கொண்டே அண்ணியைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். அண்ணி தரையைப் பார்த்தபடி இருந்தார்.

எனக்கும் இன்னொரு சுத்து வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் அத்தையைவிட அதிகமாக அதற்கு ஆசைப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் எழுந்து நின்றேன். "எங்கண்ணன்தான் நிறுத்தச் சொன்னாருங்கத்தை. டாக்டர் முன்னால, அவரு வாயால சொன்னாரு. எங்க யாரையும் கேக்கல. அண்ணிய ஒரு வார்த்த பேசவிடல. நான் பக்கத்துலதான் இருந்தேன். இனி யாரு கேட்டாலும் என்னையக் கேக்கச் சொல்லுங்க," என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். வாசலில் ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தை, "நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல சாமி," என்று பின்வாங்கினாள். அதற்குப் பிறகு எங்கள் காதுபட யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் கொடுத்த வேலையை முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்து ஒறம்பரை கலைந்த அன்று நானும் அண்ணியும் மட்டும் இருந்தோம். பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நீங்க எனக்காகத்தான் சொன்னீங்க. தெரியுதுங்க அம்மிணி. அவரும் எனக்காகத்தான் சொன்னாரு."

"ஆமாங்கண்ணி."

"நான் அன்னைக்குச் சொல்றதுன்னே கெளம்பி வந்தனுங்க. மூணு வாரமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருந்தேன். பஸ்ஸுல வாரப்பவும் சொல்லிப் பாத்தேன். என்ற வாயில நிக்கோணும், நடுங்கக்கூடாதுன்னு. ஊரு என்ன பேசும்னு எனக்குத் தெரியாதுங்களா? பேசட்டும்னுதான் இருந்தேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவருதான் சம்பாரிச்சாரு, அவருதான் எல்லாத்தையும் பாத்தாரு. நான் அவருக்குன்னு ஒண்ணும் செஞ்சதில்ல. போதுமுங்க, ஊட்டுக்குப் போலாமுங்கன்னு நான் சொல்லோணும், அவரு என்னையப் பாக்கோணும்னு இருந்தேன். அந்த ஒரு வார்த்தையாச்சும் நான் அவருக்குக் குடுத்திருப்பனுங்க. அதையும் என்ற கையப் புடிச்சு வாங்கிக்கிட்டாரு."

சொல்லிவிட்டு, கழுவிய அண்டாவையே மறுபடியும் கழுவத் தொடங்கினார். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்ன சித்ரதுர்கா கதையை அவரிடம் சொல்லலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால், அண்ணன் அவரைக் காப்பாற்றினார் என்றுதான் மறுபடியும் ஆகும். அதுதான் தனக்கு வேண்டாம் என்கிறார் அண்ணி. நான் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அண்டாவின் இன்னொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.